பசியின் வரலாறு – 21: கனெங்கோவில் காணாமல்போன மக்காச்சோளம்

மலாவியின் தலைநகரான லிலோங்வேயின் வடக்கு ஓரத்தில், கனெங்கோ என்ற தொழிற்பேட்டையில் உயர்ந்து நிற்கின்றன அந்தக் கான்கிரீட் குதிர்கள். நிரப்பினால் 1,80,000 டன் தானியம் கொள்ளும். நாட்டின் அவசரகாலக் கையிருப்பு அங்கேதான் இருக்கவேண்டும். 2000-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவை கிட்டத்தட்ட நிறைந்திருந்தன. அடுத்த ஆண்டு முடிவதற்குள் துடைத்துவைத்தாற்போல் காலி. இடையில் போர் ஏதும் நடக்கவில்லை, குதிர்களில் தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகவுமில்லை. அத்தனையும் விற்கப்பட்டிருந்தது. யாருக்கு விற்றீர்கள், என்ன விலைக்கு, பணம் எங்கே என்று கேட்டபோது, பதில் சொல்லவேண்டியவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். இந்த விசாரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே கிராமங்களில் சாவு விழ ஆரம்பித்துவிட்டது.

சென்ற இதழில் எத்தியோப்பியாவின் வோல்லோ மாகாணத்தில் 1973-இல் நடந்ததைப் பார்த்தோம். அங்கே ஒரு பேரரசர் இருந்தார். பஞ்சத்தை மூடிமறைக்க அவருடைய அதிகாரிகளுக்கு வசதியிருந்தது. கேள்வி கேட்க நாட்டில் யாருமில்லை. மலாவியின் கதை அப்படியானதல்ல. 2001-இல் அங்கே பல கட்சித் தேர்தல் இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது, எதிர்க்கட்சிகளும் தனியார் நாளிதழ்களும் இருந்தன, ஊழல் தடுப்புக்கென்றே தனி அமைப்பும் இருந்தது. எல்லாம் இருந்தும் நடந்தது. இந்த அத்தியாயம் எழுதப்படுவதற்கு அதுதான் காரணம்.

*

மலாவி கடலைத் தொடாத நாடு. நீளவாக்கில் கிடக்கும் ஒரு பெரிய ஏரி. அதன் மேற்கிலும் தெற்கிலும் செம்மண் வயல்கள். 1998 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 99 லட்சம் பேர். பெரும்பாலோர் கிராமத்தினர், ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹெக்டேரும் தேறாது. ஆண்டுக்கு ஒரே மழைக்காலம், நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். அறுவடையும் ஒன்றே. ஏப்ரல், மே மாதங்களில் களத்துக்கு வருவதை அடுத்த ஏப்ரல் வரை வைத்துச் சாப்பிடவேண்டும். டிசம்பர் பிறந்தால் பெரும்பாலான வீடுகளில் தானியம் தீர்ந்துபோகும். அதிலிருந்து மார்ச் வரை கூலிக்குப் போய்த்தான் பிழைப்பு. அந்தக் கூலி வேலைக்கு அங்கே ‘கன்யு’ என்று பெயர். பிறர் நிலத்தில் களை பறிக்கப் போகிறவருக்குச் சொந்த நிலத்தில் களை பறிக்க நேரம் கிடைக்காது. அதனால் அடுத்த விளைச்சலும் குறையும். சாதாரண ஆண்டுகளிலேயே இதுதான் நிலைமை.

சாப்பாடு என்றால் மக்காச்சோளம். அதன் மாவைக் கொதிநீரில் கிளறிக் கெட்டியாக எடுக்கும் ‘ந்சிமா’, பார்வைக்கு நம் களியின் வெள்ளை நிறச் சகோதரன். வயிறு நிறைய வேறு எதைத் தின்றிருந்தாலும் ந்சிமா சாப்பிடாதவர் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். எனவே அந்நாட்டின் எந்த அரசுக்கும் மக்காச்சோளம்தான் அரசியல்.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா. 1964-இல் விடுதலை பெற்றதிலிருந்து 1994 வரை நாட்டைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தவர். 1971 முதல் ஆயுள் முழுவதற்கும் குடியரசுத் தலைவர். போதிய சோறு, உடுக்கத் துணி, ஒழுகாத கூரை ஆகிய மூன்றும் அவர் தந்த வாக்குறுதிகள். ஆண்டுதோறும் வயல்களைப் பார்வையிடச் சுற்றுப்பயணம் கிளம்புவார். கறுப்புக் கோட்டு, தொப்பி, கையில் ஈ விரட்டும் சாமரத்துடன் அவர் சோளக்கதிர்களுக்கு நடுவே நிற்கும் படங்கள் அந்தக் காலத்து மலாவியின் அடையாளம்.

வயலுக்கும் தட்டுக்கும் நடுவில் அவர் நிறுத்தியிருந்த அமைப்பு ‘அட்மார்க்’. வேளாண் வளர்ச்சிக்கும் விற்பனைக்குமான அரசுக் கழகம். நாடெங்கும் கொள்முதல் நிலையங்கள், ஆண்டு முழுவதும் ஒரே விலை, எட்டாத மலைக்கிராமத்துக்கும் ஒரு கிடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிறு விவசாயியிடம் குறைந்த விலைக்கு வாங்கி ஏற்றுமதியில் பெற்ற லாபம் சிறு விவசாயிக்குத் திரும்பிப் போகவில்லை. பெருந்தோட்டங்களுக்கும் பிரஸ் ஹோல்டிங்ஸ் என்ற குழுமத்துக்கும் முதலீடாகவும் கடனாகவும் போனது. அந்தக் குழுமத்தின் கிட்டத்தட்ட எல்லாப் பங்குகளும் பண்டாவின் பெயரில் இருந்தன. ஏழையின் விளைச்சலில் மிச்சம் பிடித்துத் தலைவரின் புகையிலைத் தோட்டத்தை வளர்த்த ஏற்பாடு அது. பின்னாளில் வந்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன். உணவுக் கிடங்கின் சாவி ஆட்சியாளரின் இடுப்பில் தொங்கவேண்டும் என்ற வழக்கம் பண்டா காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

எண்பதுகளில் அட்மார்க்கின் கையில் காசு தீர்ந்தது. பக்கத்து மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர். கடலுக்குப் போகும் ரயில் பாதைகள் அடைபட்டன. உலக வங்கியின் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்தன. உர மானியத்தைக் குறை, கொள்முதல் நிலையங்களை மூடு, தனியார் வியாபாரியை உள்ளே விடு. தனியார் வந்தார்கள், சாலை உள்ள ஊர்களுக்கு வந்தார்கள். சாலை இல்லாத ஊர்களில் அட்மார்க்கின் கதவு சாத்தப்பட்டதோடு சரி.

*

1994 மே மாதத் தேர்தலில் பண்டா தோற்றார். வென்றவர் பக்கிலி முலுசி. வியாபாரி, ஒரு காலத்தில் பண்டாவின் கட்சியிலேயே பொதுச்செயலாளராக இருந்தவர். சிரித்த முகம், தாராளமான கை. பண்டாவின் ஆட்சியில் மூச்சு விடவே அஞ்சிய மக்களுக்கு அவர் வருகை உண்மையிலேயே விடுதலையாக இருந்தது. பத்திரிகைகள் பெருகின. சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

உணவு விஷயத்திலும் முலுசியின் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 1998-99-லும் அதற்கடுத்த பருவத்திலும் ஏறத்தாழ 28 லட்சம் சிறு விவசாயக் குடும்பங்களுக்கும் இலவச விதையும் உரமும் அடங்கிய சிறு மூட்டை கொடுக்கப்பட்டது. கால் ஏக்கர் நிலத்துக்குப் போதுமான அளவுதான். மழையும் ஒத்துழைக்க, 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சுமார் 25 லட்சம் டன் மக்காச்சோளம் விளைந்தது. கனெங்கோ குதிர்கள் நிரம்பியது அப்போதுதான்.

நிறைந்ததுமே இரண்டு யோசனைகள் கிளம்பின. இந்த இலவச மூட்டைக்குச் செலவு அதிகம், எல்லோருக்கும் எதற்கு என்றார்கள் நிதியுதவி செய்த நாடுகள். மூட்டை பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை 2000-01-இல் 15 லட்சமாகவும், அதற்கடுத்த ஆண்டு 10 லட்சமாகவும் வெட்டப்பட்டது. இன்னொரு யோசனை குதிர்களைப் பற்றியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். பின்னாளில் நடந்த பழிபோடும் படலம் முழுவதும் இந்த இடத்தில்தான் சுற்றிச்சுற்றி வருகிறது.

கையிருப்பை நிர்வகிக்க 1999-இல் தேசிய உணவுக் கையிருப்பு முகமை என்ற புதிய அமைப்பு தொடங்கப்பட்டது. அரசு அதற்கு முதல் கொடுக்கவில்லை. வங்கியில் கடன் வாங்கித் தானியம் வாங்கச் சொன்னது. வட்டி ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது. குதிரில் கிடக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்தால்தான் திறக்கவேண்டிய கிடங்கைக் கந்துவட்டிக் கடையைப் போல் நடத்தச் சொன்னவர்கள் யாராக இருந்தாலும், அவர்களுக்குப் பஞ்சம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் ஐரோப்பிய ஆணையமும் ஆலோசனை சொன்னார்கள்: இவ்வளவு கையிருப்பு வேண்டாம், 30,000 முதல் 60,000 டன் வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுக் கடனை அடையுங்கள், உள்நாட்டுச் சந்தையில் கொட்டினால் விலை விழும், ஆகவே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். சரி, ஒருவேளை விளைச்சல் பொய்த்தால்? அப்போது இறக்குமதி செய்துகொள்ளலாம்! கடல் இல்லாத நாட்டுக்குச் சொல்லப்பட்ட யோசனை இது. பிற்பாடு கேள்வி எழுந்தபோது, உணவுப் பாதுகாப்பு எங்கள் துறையல்ல, மற்றவர்கள் சொன்னதைத்தான் நாங்களும் சொன்னோம் என்று நிதியம் நழுவியது. துறை அல்லாத விஷயத்தில் ஒரு நாட்டின் பத்தாயத்தைத் திறக்கச் சொன்னவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த ஆலோசனையில்கூட ‘எல்லாவற்றையும் விற்றுவிடு’ என்று இல்லை. 30,000 முதல் 60,000 டன் வரை வைத்துக்கொள் என்றுதான் இருந்தது. விற்றவர்கள் அதையும் சேர்த்து விற்றார்கள். ஒரு பகுதி கென்யாவுக்கும் மொசாம்பிக்குக்கும் போனது. பெரும்பகுதி உள்நாட்டிலேயே கைமாறியது. வாங்கியவர்களில் அரசியல் செல்வாக்கு உள்ளவர்களும் அவர்களுக்கு வேண்டிய வியாபாரிகளும் இருந்ததாக உள்ளூர்ப் பத்திரிகைகளும் மனித உரிமைக் குழுக்களும் குற்றஞ்சாட்டின. மலிவாக வாங்கினார்கள், உடனே விற்கவில்லை. 2001-இல் விளைச்சல் குறைந்திருக்கிறது என்பது கிடங்கை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஊர்க்காரர்களைவிட முன்பே தெரியும். விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்தார்கள்.

ஊழல் என்றால் லஞ்சப் பணம் கைமாறும் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே நடந்ததற்கு அவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. சட்டப்படி நடந்த விற்பனைதான். விலையில் கொஞ்சம் சலுகை, யாருக்குக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் சாய்வு, கணக்கில் கொஞ்சம் மெத்தனம். இந்த மூன்றும் சேர்ந்தபோது, பஞ்சகாலத்தில் விலையைக் கட்டுப்படுத்தவேண்டிய அரசின் தானியம், அதே விலையை ஏற்றிவிடுகிறவர்களின் கிடங்குக்கு இடம்மாறியது.

*

2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை அளவுக்கு மீறிப் பெய்தது. தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம். பல இடங்களில் உரம் கரைந்தோடியது. விளைச்சல் 17 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இது பெரிய சரிவுதான். ஆனாலும் இப்படி நடப்பது மலாவிக்குப் புதிதல்ல.

வேளாண் அமைச்சகத்தின் மதிப்பீட்டில் வேறொரு வேடிக்கை நடந்தது. மக்காச்சோளம் குறைந்தால் என்ன, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஏராளமாக விளைந்திருக்கின்றன, ஈடுகட்டிவிடும் என்று காகிதத்தில் காட்டினார்கள். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது; எவ்வளவு கிடக்கிறது என்று தோண்டிப் பார்த்தவர் யார்? அந்தக் கணக்கை அரசு நம்பியது. உதவி தரும் நாடுகளும் நம்பின, நம்புவது வசதியாக இருந்ததால். 2001 அக்டோபர், நவம்பரிலேயே ம்சிஞ்சி மாவட்டத்தில் ஆய்வு செய்த சேவ் தி சில்ட்ரன் அமைப்பு, ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரித்தது. திருச்சபைகளிலிருந்தும் கிராமத் தலைவர்களிடமிருந்தும் அதே செய்தி வந்தது. மாவட்ட அளவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், புள்ளிவிவரம் இல்லையே என்று ஒதுக்கிவைக்கப்பட்டது.

விலை மட்டும் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் காத்திருக்கவில்லை. 2001-இன் நடுவில் கிலோ ஐந்து குவாச்சா (மலாவியின் நாணயம்) அளவில் இருந்த மக்காச்சோளம், அடுத்த பிப்ரவரியில் சில சந்தைகளில் நாற்பதைத் தொட்டது. அட்மார்க் நிலையத்தில் விலை 17 குவாச்சா; ஆனால் அங்கே சரக்கு வந்தால்தானே! லாரி வருகிறது என்ற வதந்தியை நம்பி இரவு முழுக்க வாசலில் படுத்துக்கிடந்தார்கள். வரிசையில் நின்றவளுக்குக் கிடைக்காத மூட்டை பின்வாசல் வழியே வியாபாரிக்குப் போய்விட்டது என்ற புகார் ஊருக்கு ஊர் எழுந்தது. அரசு ஏறக்குறைய 1,50,000 டன் இறக்குமதி செய்யப்போவதாக அறிவித்திருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அது வந்துசேர வேண்டும். அதே நேரத்தில் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் இறக்குமதிக்கு அலைந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் நெரிசல், ரயில் பாதையில் தடங்கல், லாரிக்குத் தட்டுப்பாடு. மாதக்கணக்கில் தாமதம். ‘தேவைப்பட்டால் இறக்குமதி செய்துகொள்ளலாம்’ என்ற யோசனைக்கு நேர்ந்த கதி இது.

வீடுகளில் முதலில் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்தது. பிறகு கோழி விற்கப்பட்டது. ஆடு, சைக்கிள், கூரைத் தகரம், கடைசியில் பாத்திரங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றதால் எதற்கும் விலை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கன்யுவுக்குப் போனதால் கூலியும் சரிந்தது. சோளத்தை உமி நீக்கிக் குத்தியபின் மிஞ்சும் ‘ககா’ என்ற தவிடு, வழக்கமாகக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவது, சந்தையில் விலைக்கு வந்தது. அதில் மரத்தூள் கலந்து விற்றவர்களும் உண்டு. காட்டுக்கிழங்குகளையும் வாழையின் அடிக்கிழங்கையும் தோண்டித் தின்றார்கள். நச்சுக் கிழங்கு எது, நல்ல கிழங்கு எது என்று பிரித்தறியத் தெரிந்த பாட்டிகள் இல்லாத வீடுகளில் வாந்தியும் சாவும்.

ஜனவரியில் வயலில் கதிர் பிடிக்கத் தொடங்கியதும் முற்றும்வரை பொறுக்க யாராலும் முடியவில்லை. பச்சைக் கதிரையே ஒடித்துத் தின்றார்கள். அடுத்தவர் வயலிலும் ஒடித்தார்கள். திருடி அகப்பட்டவர்களின் காதையும் கையையும் வெட்டிய செய்திகள் அந்த மாதங்களில் வந்துகொண்டேயிருந்தன. அடித்தே கொல்லப்பட்டவர்களும் உண்டு. கால்வயிற்றுக் கஞ்சியையாவது பகிர்ந்துகொண்ட ஊர்கள் அவை. ஒரு கதிருக்காக அண்டை வீட்டுப் பையனின் காதை அறுக்கும் நிலைக்கு மூன்று மாதங்களில் வந்து சேர்ந்தன.

அந்தப் பருவத்தில் காலராவும் சேர்ந்துகொண்டது. 33,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 900-க்கும் அதிகமானோரின் உயிரைக் குடித்தது. அதுவரை மலாவி கண்டவற்றிலேயே மிகப் பெரிய காலரா அது. நாட்டில் வயதுவந்தோரில் ஏழில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்த காலம் வேறு. உழைக்கும் வயதுப் பெற்றோர் போய், பாட்டியும் பேரக்குழந்தைகளும் மட்டும் மிஞ்சிய வீடுகளைத்தான் பசி முதலில் எட்டியது. ஏரிக்கரை மாவட்டமான சலிமாவில் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் விகிதம் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் 9 சதவீதத்திலிருந்து 19-ஆக இரட்டித்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்? சில நூறு என்பதிலிருந்து 3,000 வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. கிராமத்துச் சாவுகள் பதிவேட்டில் ஏறாத நாட்டில் இதற்கு மேல் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனின் சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் டெவெரோ, ஆக்ஷன்எய்டு அமைப்புக்காக 2002-இல் எழுதிய அறிக்கையில், 1949 பஞ்சத்தைக்காட்டிலும் இது கொடியது என்ற முடிவுக்கு வந்தார். 1949-இல் அது நியாசாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் காலனி. அப்போது பதிவான சாவுகள் சுமார் 200. அந்நியன் ஆண்டபோது மாண்டவர்களைவிடச் சொந்த வாக்கில் தேர்ந்தெடுத்த அரசின்கீழ் மாண்டவர்கள் அதிகம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் கணக்கு அதுதான்.

*

பட்டினிச் சாவு என்ற பேச்சையே அரசு முதலில் ஏற்கவில்லை. ஒப்புக்கொண்டால் குதிர்களைப் பற்றிய கேள்வி வரும். குதிரில் என்ன ஆயிற்று என்று சொல்லாதவரை உதவி தர நாடுகளும் தயங்கின. அரசு செலவுக் கணக்கைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே கசப்பு இருந்தது. டென்மார்க் 2002 தொடக்கத்தில் உதவியை நிறுத்தி, தூதரகத்தையே மூட முடிவுசெய்துவிட்டது. கையிருப்பை விற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்பது மற்றவர்களின் நிலை. கணக்குக் கேட்டதில் தவறில்லை. அமைச்சரிடம் கேட்ட கணக்குக்கு அபராதம் செலுத்தியது சலிமாவின் குழந்தைகள். அதுதான் தவறு.

2002 பிப்ரவரி 27 அன்று முலுசி தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். சாவு உச்சத்தைத் தொட்டு முடிந்த நேரம். வெளியுதவி திரளத் தொடங்கியபோது வயலில் புதுக்கதிர் முற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டில் மலாவி நாடாளுமன்றத்தில் நடந்த மிகச் சூடான விவாதம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பசியைப் பற்றி அல்ல. அரசமைப்புச் சட்டப்படி குடியரசுத் தலைவர் இரண்டு முறைதான் பதவி வகிக்கலாம். முலுசியின் இரண்டாம் முறை 2004-இல் முடியவிருந்தது. அந்த வரம்பையே எடுத்துவிடும் மசோதா 2002 ஜூலை 4 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆளுங்கட்சி அதற்காக மாதக்கணக்கில் ஆள்பிடித்தது. மசோதா மூன்றே வாக்குகள் குறைந்ததால் தோற்றது. அரசின் மூளையும் பணமும் நேரமும் அந்த அரையாண்டில் எங்கே குவிந்திருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மோசமான தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். முலுசி கொடுங்கோலர் அல்லர்; பண்டாவோடு ஒப்பிட்டால் சாதுவானவர். அவருடைய கவனம் வேறெங்கோ இருந்தது, அவ்வளவே. கிடங்கைக் கவனிக்கவேண்டியவர் நாற்காலியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கையிருப்பு விற்பனை நடந்தபோது வேளாண் அமைச்சராக இருந்தவர் லெனார்ட் மங்குலாமா. பஞ்சத்தின்போது அவர் வகித்த துறை, வறுமை ஒழிப்பு. கையிருப்பு விற்பனை பற்றிய விசாரணைக்குப் பின் 2002 ஆகஸ்டில் முலுசி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னைப் படித்தவர்களுக்கு இந்நேரம் ஒரு கேள்வி எழுந்திருக்கும். தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் உள்ள நாட்டில் பஞ்சம் வராது என்றார் அவர். மலாவி அதைப் பொய்யாக்கிவிட்டதா? பாதிதான் என்பேன். வாக்குரிமை இருந்தது, ஆனால் வாக்கு வட்டார விசுவாசப்படி விழுந்தது: வடக்கு ஒரு கட்சிக்கு, நடுப்பகுதி ஒன்றுக்கு, தெற்கு முலுசிக்கு. பட்டினி மிகுந்த நடுப்பகுதி மாவட்டங்கள் பலவும் எப்படியும் அவருக்கு வாக்களிக்காதவை. நாளிதழ்கள் நகரத்தில், ஆங்கிலத்தில் அச்சாகின. கிராமத்தை எட்டிய வானொலி அரசுடையது. அரசுக்குச் சங்கடம் தரக்கூடியவர்கள் பசித்திருக்கவில்லை. பசித்திருந்தவர்களால் அரசுக்குச் சங்கடம் தர முடியவில்லை. சென் சொன்ன ஜனநாயகம் அந்த இருவரையும் இணைக்கும் கம்பி. மலாவியில் இரு முனைகளும் இருந்தன, கம்பி இல்லை.

பஞ்சத்துக்குக் காரணம் மழையா, ஆட்சியா என்ற வாதத்துக்கு மலாவியே அடுத்த ஆண்டு விடை தந்தது. 2002 அறுவடை 2001-ஐவிடவும் மோசம், சுமார் 16 லட்சம் டன்தான். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவுதவி தேவைப்பட்டது. ஆனால் இம்முறை உலக உணவுத் திட்டத்தின் லாரிகள் முன்கூட்டியே ஓடின, உலகமும் பார்த்துக்கொண்டிருந்தது, அரசும் பயந்துபோயிருந்தது. முந்தைய ஆண்டைப் போன்ற சாவுகள் நிகழவில்லை. பயத்தில் அரசு தேவைக்கு மேல் இறக்குமதி செய்ய, பெரும்பகுதி விற்காமல் கிடங்கில் தேங்கியது தனிக் கூத்து. குறைந்த விளைச்சலில் உயிர்கள் தப்பின. அதைவிட அதிக விளைச்சலில் செத்திருக்கிறார்கள். வானத்தைக் குற்றம் சொல்வதற்கு இங்கே இடமில்லை.

*

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு முறை பட்ட அடி என்று விட்டுவிடலாம். 2016-இல் எல் நினோ வறட்சி; 65 லட்சத்துக்கும் மேற்பட்ட மலாவியர்கள் பட்டினியின் விளிம்பில். ஜாம்பியாவிலிருந்து 1,00,000 டன் மக்காச்சோளம் வாங்க அட்மார்க் ஒப்பந்தம் போட்டது. அதில் முறைகேடு என்று புகார் கிளம்பி, 2017 பிப்ரவரியில் வேளாண் அமைச்சர் ஜார்ஜ் சப்போண்டாவின் வீட்டில் ஊழல் தடுப்பு அமைப்பு சோதனையிட்டது. 10 கோடி குவாச்சாவுக்கு மேல் ரொக்கமும், கூடவே டாலர் கட்டுகளும் அகப்பட்டன. அவர் பதவி நீக்கப்பட்டார், வழக்குத் தொடரப்பட்டது, 2018-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

2022-இல் உரத் தட்டுப்பாடு. உக்ரைன் போரால் விலை உச்சத்தில் இருந்தபோது, மலாவி அரசின் உர நிதியம் பிரிட்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு 70 கோடி குவாச்சாவுக்கு மேல் முன்பணம் அனுப்பியது. அது இறைச்சி வியாபாரம் செய்யும் நிறுவனம் என்பது பிறகு தெரிந்தது. உரம் வரவில்லை. குடியரசுத் தலைவர் லாசரஸ் சக்வேரா வேளாண் அமைச்சரையும் துணை அமைச்சரையும் வீட்டுக்கு அனுப்பினார். முன்பணம் அனுப்புமுன் அந்த நிறுவனத்தின் கடை வாசலை எட்டிப்பார்க்க ஓர் அதிகாரிகூட அரசில் இல்லை என்பதை நம்பவேண்டியிருக்கிறது.

மூன்று முறையும் ஒரே வரிசைதான்: முதலில் கடனாலோ தட்டுப்பாட்டாலோ ஒரு நெருக்கடி, அதைச் சமாளிக்க அவசரக் கொள்முதலோ விற்பனையோ, அவசரத்தின் பெயரால் விதிகள் தளர்வு, தளர்ந்த விதியின் வழியே ஒரு ஓட்டை. அமைச்சர் போவார். அமைப்பு அப்படியே இருக்கும். 2002-இல் கிடங்கின் கணக்கைப் பொதுவில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தால், 2016-இன் ஒப்பந்தத்தையும் 2022-இன் முன்பணத்தையும் முதல் வாரத்திலேயே யாராவது பிடித்திருப்பார்கள். தனி மனிதர்களின் பேராசையைவிட இந்தப் பழக்கமின்மைதான் மலாவியை அதிகம் பட்டினி போட்டது என்பது என் கட்சி.

முலுசி 2004-இல் பதவியிலிருந்து இறங்கினார். வெளிநாடுகள் தந்த 170 கோடி குவாச்சாவைச் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார் என்ற வழக்கு அவர்மேல் நெடுங்காலம் நடந்தது, அவர் மறுத்துவந்தார். 2023-இல் அரசுத் தரப்பே அந்த வழக்கைக் கைவிட்டது.

அவர் கைகாட்டி அமர்த்திய பிங்கு வா முத்தரிகா, பதவியேற்ற சில மாதங்களில் அவரையே விட்டு விலகித் தனிக்கட்சி கண்டார். 2005-இல் விளைச்சல் 12 லட்சம் டன்னுக்குச் சரிந்து, ஐம்பது லட்சம் பேர் உணவுதவிக்குக் கையேந்தி நின்றபோது, உலக வங்கி கூடாது என்று சொல்லிவந்த உர மானியத்தை அவர் நாடெங்கும் கூப்பன் வழியாகக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் மலாவி மக்காச்சோளம் ஏற்றுமதி செய்தது. அந்தக் கூப்பன்களில் எத்தனை விவசாயியின் கையை அடைந்தன, எத்தனை வழியில் நின்றன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.